பழைய பாக்ஸ்டர் வாங்கலாமா? ஆறு சிலிண்டர், அப்புறம் நாலு, மறுபடியும் ஆறு... என்னதான் கணக்கு?

நெக்கார்க்கரையான்:

வணக்கம் மக்களே. நான் இருப்பது லுட்விக்ஸ்பர்க், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தான், அவனைக் கூட்டிக்கொண்டு சுஃபன்ஹவுசனில் இருக்கிற போர்ஷே மியூசியத்துக்குப் போனேன். அவன் பந்தயக் கார்களின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தான், எனக்கு மனசெல்லாம் போர்ஷேயின் இரண்டு சீட்டுத் திறந்த காரான பாக்ஸ்டர் மேலேயே இருந்தது. காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தன்னுடைய 1998 மாடல் பாக்ஸ்டரை விற்கப்போவதாகக் கண்ணாடியில் தாள் ஒட்டி வைத்திருக்கிறார். 986 என்கிறார்களே, அந்த முதல் தலைமுறை. 2.5 லிட்டர், ஐந்து கியர் மேனுவல், கருநீலம், 1,38,000 கிலோமீட்டர், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மட்டும் ஓட்டுகிற சீசன் நம்பர் பிளேட். மழையிலும் பனியிலும் அதிகம் நனையாத வண்டி என்று தெரிகிறது.

ஆபீஸில் சொன்னால் சிரிக்கிறார்கள். "911 வாங்கக் காசில்லாதவன் வாங்குவது" என்று ஒருவன் (911 போர்ஷேயின் பெயர்பெற்ற, விலை கூடிய கார்), "என்ஜின் எப்போது வெடிக்கும் என்று தெரியாது" என்று இன்னொருவன். இணையத்தில் தேடினால் தலை சுற்றுகிறது. 986, 987, 981, 718 என்று தலைமுறைக்கு ஒரு எண், ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலு போட்டார்கள், பிறகு திரும்ப ஆறு போட்டார்கள், கடைசியில் 500 குதிரைத்திறன் வரைக்கும் போய்விட்டார்கள். 204 குதிரைத்திறனில் பிறந்த வண்டியும் அதுவும் ஒரே வண்டிதானா? ஏன் இப்படி மாற்றி மாற்றிச் செய்தார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள், எனக்கு அவசரம் இல்லை, நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

ஆறுசிலிண்டர்:

நீளமாக இருந்தாலும் படிப்பேன் என்று சொல்லிவிட்டீர்கள், அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

முதலில் அந்த "911 வாங்கக் காசில்லாதவன்" ஆளிடம் ஒன்று கேளுங்கள், 911 இன்றைக்கு உயிரோடு இருப்பதற்கு யார் காரணம்? எண்பதுகளின் நடுவில் போர்ஷே வருடத்துக்கு 50,000 கார்களுக்கு மேல் விற்றது, அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. டாலர் விழுந்ததும் எல்லாம் விழுந்தது. 1992-93 வாக்கில் விற்பனை 15,000க்கும் கீழே. அந்த நேரத்தில் அவர்களிடம் இருந்தவை 911, 928, 968 என்று மூன்று கார்கள், ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குச் சேராது. ஒன்றில் என்ஜின் பின்னால், மற்ற இரண்டில் முன்னால், அதிலும் ஒன்று எட்டு சிலிண்டர், ஒன்று நாலு. சின்னக் கம்பெனி ஒன்று மூன்று குடும்பங்களுக்குத் தனித்தனியாக உலை வைத்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் வெண்டெலின் வீடேகிங் தலைமைக்கு வந்தார். டொயோட்டா முறையைக் கற்றுக்கொடுக்கிற ஜப்பானிய ஆலோசகர்களை ஸ்டுட்கார்ட்டுக்கே வரவழைத்தார். உதிரிபாகங்கள் மலைபோல் குவிந்திருந்த உயரமான அலமாரிகளைப் பார்த்துவிட்டு அவர்கள் ஒரு ரம்பத்தை வீடேகிங் கையிலேயே கொடுத்து அறுக்கச் சொன்னார்கள், அவரும் அறுத்தார் என்பது கார் உலகத்தில் பிரபலமான கதை. ஜெர்மன் தொழிற்சாலையில், ஜெர்மன் தொழிலாளிகள் பார்க்க, முதலாளி அலமாரியை அறுக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள்.

1993 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் ஒரு வெள்ளி நிறக் காரைக் காட்டினார்கள். கிராண்ட் லார்சன் வரைந்த உடல். பார்த்தவுடன் ஐம்பதுகளின் 550 ஸ்பைடர் பந்தயக் கார் ஞாபகம் வரும். பாக்ஸர் என்ஜின் (சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும்), ரோட்ஸ்டர் (கூரை திறந்த இரண்டு சீட்டுக் கார்), இரண்டையும் ஒட்டி பாக்ஸ்டர். கூட்டம் மொய்த்தது, தயாரிக்கச் சொல்லி நாலாபக்கமும் குரல். ஆனால் விற்பனைக்கு வரும்போது கார் கொஞ்சம் வளர்ந்து, கொஞ்சம் உருண்டு வந்தது. ஏனென்றால் இங்கேதான் பெரிய கணக்கு இருக்கிறது: அடுத்து வரவிருந்த 911ஆன 996உக்கும் இதற்கும் முன்பாதி கிட்டத்தட்ட ஒன்று. கதவு, முன் மட்கார்ட், விளக்கு எல்லாம் பொது. இரண்டு காருக்கு ஒரே செலவு.

பாக்ஸ்டர் கடைக்கு வந்தது 1996, அந்த 911 வந்தது 1997. ஆக பாக்ஸ்டரின் முகம்தான் 911க்குப் போனது என்று சொல்லலாம், எதிர்ப்புறமாக அல்ல. கோபப்பட்டவர்களும் 911 வாங்கியவர்கள்தான், இவ்வளவு காசு கொடுத்தும் முன்னாலிருந்து பார்த்தால் பாக்ஸ்டர் மாதிரி இருக்கிறதே என்று. அந்த முன்விளக்கை ஜெர்மானியர்கள் ஷ்பீகல்ஐ என்பார்கள், நம் பாஷையில் ஆஃப்பாயில். மஞ்சள் இண்டிகேட்டர் வழிந்து நிற்கிற மாதிரியே இருக்கும். எனக்குப் பிடிக்கும், அடிக்க வராதீர்கள்.

தேவை எகிறிப் போய் ஸ்டுட்கார்ட்டில் இடம் பற்றாமல் 1997இலிருந்து ஃபின்லாந்தில் ஊசிகௌபுங்கி என்ற ஊரில் வால்மெட் தொழிற்சாலையிலும் செய்தார்கள். பெரியவரின் கார் அங்கே பிறந்ததாகக்கூட இருக்கலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாக்ஸ்டரில் என்ஜின் சீட்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருக்கிறது. 911இல் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவில் எது இயல்பாகத் திரும்பும் என்று சொல்லவே வேண்டாம். 1948இல் அவர்கள் செய்த முதல் 356இலும் என்ஜின் நடுவில்தான் இருந்தது, விற்பனைக்கு வந்த 356இல்தான் இடவசதிக்காகப் பின்னால் தள்ளினார்கள். ஆகவே 911க்கு நிகரான பலத்தைப் பாக்ஸ்டருக்குக் கொடுத்தால் 911ஐ யார் வாங்குவார்கள்? முப்பது வருடக் கதையும் இந்த ஒரு பயத்தில் அடங்கும். முதல் பாக்ஸ்டர் 204 குதிரைத்திறன், அதே காலத்து 911 300. 1999இல் அடிப்படை மாடலை 2.7 லிட்டராக்கி 220, 3.2 லிட்டரில் பலம் கூடிய எஸ் மாடலுக்கு 252. 2004 கடைசியில் 987 வந்தது, 240ம் 280ம். 2012இல் 981, 265ம் 315ம். ஒவ்வொரு தடவையும் ஒரு படி ஏற்றுவார்கள், 911ம் ஒரு படி ஏறிக்கொள்ளும். அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிடுவது போல, அண்ணன் புதுச் சட்டை வாங்கிய பிறகுதான் பழையது இறங்கி வரும்.

டோர்ட்முண்ட் கராச்:

ஆறுசிலிண்டர் தம்பி சொன்ன வரலாறு சரி. நான் கராச் வைத்து 22 வருடம், வரலாறு எனக்கு அவ்வளவு வராது, எண்ணெய் தோய்ந்த பக்கத்தை மட்டும் சொல்லுறன்.

"எப்போது வெடிக்கும்" என்று உங்களுக்குச் சொன்னவர் ஐஎம்எஸ் பேரிங்கைத்தான் கதைக்கிறார். அந்த என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் நேராக, வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டைச் சுற்றாது. நடுவில் ஒரு இடைத்தண்டு இருக்கு (ஐஎம்எஸ் என்கிறது இதைத்தான்), கிராங்க் அதைச் சுற்றும், அது செயின் வழியாகக் கேமைச் சுற்றும். அந்தத் தண்டின் ஒரு முனையில் மூடி போட்ட ஒரு குண்டு பேரிங். மூடிக்குள் இருக்கிற கிரீஸ் காலப்போக்கில் கழுவுண்டு போகும், புது எண்ணெயும் வடிவாக உள்ளே போகாது. பேரிங் உடைந்தால் டைமிங் போச்சு, வால்வு பிஸ்டனில் அடிக்கும், அதோடு என்ஜின் முடிந்தது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையான மாடல்களுக்கு இதற்காகக் கூட்டு வழக்குப் போட்டு 2013இல் சமரசமும் ஆனது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. 1998இல் இருப்பது இரண்டு வரிசைக் குண்டு உள்ள பேரிங். தொல்லை கூடியது பிறகு வந்த ஒற்றை வரிசையில்தான். 2006 அளவில் பெரிய பேரிங் போட்டார்கள், அது நல்லது, ஆனால் என்ஜினைப் பிளக்காமல் அதைக் கழற்ற ஏலாது. 2009 மாடலில் இருந்து புது என்ஜின் குடும்பம், அந்த இடைத்தண்டே இல்லை. ஆகவே நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் 2009க்குப் பிந்திய 987 பாருங்கோ. காசு கூட வரும். பெரியவரின் 986தான் வேண்டுமென்றால் அதுவும் பிழையில்லை, இதுகளை மட்டும் கேளுங்கோ.

கிளட்ச் எப்போது மாற்றினது? மாற்றும்போது கியர்பெட்டி கழற்றுவார்கள், பேரிங்கும் பின் எண்ணெய்ச் சீலும் அந்த நேரம்தான் கைக்கு எட்டும். அப்போது பேரிங் மாற்றியிருந்தால் பில் இருக்கும். இல்லையென்றால் அந்த வேலைக்கான காசை விலையில் கழியுங்கோ. பிறகு எண்ணெய் பில்டர். இதில் காகிதப் பில்டர்தான், கழற்றி மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்த்தால் இரும்புத் துகள் இருக்கா என்று தெரியும். காந்தமும் கொண்டுபோங்கோ.

முன் பம்பரின் இரண்டு பக்கமும் ரேடியேட்டர் இருக்கு, அந்த வாயில் இலை சருகு போய் அடைந்து ஈரம் பிடித்து உக்கும். டார்ச் அடித்துப் பாருங்கோ. கூரைக்குப் பக்கத்தில் தண்ணீர் வடிகிற துவாரங்கள் உண்டு, அதுவும் சருகில் அடைபடும். எங்கட ஆள் ஒருவர் மேப்பிள் மரத்துக்குக் கீழே ஒரு இலையுதிர்காலம் முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு வந்தார், கதவைத் திறந்தால் கார்ப்பெட்டில் குளம். சென்ட்ரல் லாக்கிங் பெட்டி சீட்டுக்கு அடியில்தான் இருக்கு, அதுவும் போச்சு. காரில் பிழை இல்லை, மரத்தில் பிழை.

பின் கண்ணாடி 2002 வரை பிளாஸ்டிக். குளிரில் கூரையை மடித்தால் வெடிக்கும். 2003 மாடலில்தான் கண்ணாடி வந்தது. பெரியவர் சீசன் பிளேட்டில் ஓடினார் என்றால் அது நல்லாய் இருக்க வேணும்.

நெக்கார்க்கரையான்:

அண்ணா, இதைத்தான் எதிர்பார்த்தேன், ரொம்ப நன்றி. ஒரு சின்னச் சந்தேகம், என்ஜினை எங்கே திறந்து பார்ப்பது? பெரியவர் முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி திறந்து காட்டினார், இரண்டிலும் என்ஜின் இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

டோர்ட்முண்ட் கராச்:

எல்லாரும் கேட்கிறதுதான், கூச்சம் வேண்டாம். எண்ணெய் ஊற்றுகிற வாயும் அளவுக் கம்பியும் பின் டிக்கியில் இருக்கு, கூலண்ட் ஊற்றுகிற இடமும் அங்கேதான். என்ஜினை மேலேயிருந்து பார்க்கக் கூரையைப் பாதி தூக்கி நிறுத்தி, கார்ப்பெட் எடுத்து, மூடியைக் கழற்ற வேணும். மற்ற வேலையெல்லாம் கீழேயிருந்துதான். வீட்டு வாசலில் பார்க்கிற விசயமில்லை, லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கோ.

நாலேபோதும்:

எல்லாரும் ஆறு சிலிண்டர் புராணம் பாடுகிறீர்கள், நாலு சிலிண்டர் 718 வைத்திருக்கிறவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் பேசிவிட்டுப் போகிறேன்.

2016இல் ஆறை எடுத்துவிட்டு 2 லிட்டர் டர்போ நாலு போட்டது புத்தி கெட்டு அல்ல. ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் விற்கிற கார்களின் சராசரிப் புகை கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்ஸைடை நோக்கி இறங்க வேண்டும் என்று அப்போது சட்டம். சீனாவில் வரி என்ஜினின் கொள்ளளவைப் பார்த்து. இரண்டுக்கும் சின்ன என்ஜின் பதில். பெயருக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்கள்: பழைய 718 பந்தயக் கார் நாலு சிலிண்டர் பாக்ஸர்தான், 1959லும் 1960லும் சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை அந்தக் குடும்பம்தான் ஜெயித்தது.

ஓட்டிப் பாருங்கள். 981 அடிப்படை மாடலின் முறுக்குவிசை 280 நியூட்டன் மீட்டர், 718இல் 380. நூறு வித்தியாசம்! பிளாக் ஃபாரஸ்ட்டில் பி500 சாலை, பாடன்பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டாட் வரை ஏற்றமும் வளைவுமாகப் போகும், அங்கே மூன்றாவது கியரில் வைத்துவிட்டால் போதும், கியரைத் தொடாமலே இழுத்துக்கொண்டு போகும். பழைய ஆறு சிலிண்டர் அந்த ஏற்றத்தில் சத்தம் போடும், நான் முந்திக்கொண்டு போவேன்.

சத்தம்? சரி, ஒப்புக்கொள்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார், ஆசையில் இல்லை.

ஆறுசிலிண்டர்:

நாலேபோதும் நேர்மையான ஆள் :) இழுவை விஷயத்தில் அவர் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் இரண்டு சீட்டு, கூரை இல்லாத காரை எதற்கு வாங்குகிறோம்? ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக பஸ் இருக்கிறது. கூரையைத் திறந்தால் காதில் விழுவது என்ஜின், அதில் குறை வைத்தால் பிரியாணியில் உப்பில்லாத மாதிரி. சனங்கள் சும்மா இருக்கவில்லை, பத்திரிகைகளும் விடவில்லை. 2019இல் 718இன் மேல்மட்ட மாடலான ஸ்பைடரில் 4 லிட்டர் ஆறு சிலிண்டர், டர்போ இல்லாமல், 420 குதிரைத்திறனோடு திரும்பி வந்தது. அடுத்த வருடம் ஜிடிஎஸ் மாடலுக்கும் 400 குதிரைத்திறனில் அதே என்ஜின். நாலை எடுக்கவும் இல்லை, கீழ் மாடல்களில் அது தொடர்ந்தது. காசு அதிகம் கொடுப்பவனுக்கு ஆறு, அவ்வளவுதான். அந்த 4 லிட்டரிலும் ஒரு குறை சொல்வேன், கியர் விகிதம் ரொம்ப நீளம், இரண்டாவது கியரிலேயே 130ஐத் தாண்டிவிடும். சாதாரண சாலையில் என்ஜினைக் கடைசி வரை கேட்க வேண்டுமென்றால் லைசென்ஸைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

துணிக்கூரை:

ஸ்பைடர் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். 911ஐத் தாண்டக் கூடாது என்கிற அந்தப் பயம் கொஞ்சம் தளர்ந்தது ஸ்பைடர்களில்தான்.

முதல் பாக்ஸ்டர் ஸ்பைடர் 2010, 987இல். 320 குதிரைத்திறன்தான், எஸ் மாடலைவிடப் பத்து அதிகம். ஆனால் எடை 1,275 கிலோ, எஸ்ஸைவிட 80 கிலோ குறைவு. எப்படிக் குறைத்தார்கள் என்பதில்தான் சுவாரசியம். மோட்டார் வைத்த கூரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையால் மாட்டுகிற துணியைக் கொடுத்தார்கள். கதவு அலுமினியம். உள்ளே கதவுக் கைப்பிடிக்குப் பதில் ஒரு துணி நாடா. ஏசியும் ரேடியோவும் கேட்டால்தான் கிடைக்கும். கூரை திறந்திருந்தால் மணிக்கு 267 கிலோமீட்டர் போகலாம், மாட்டியிருந்தால் 200க்கு மேல் போகாதே என்பார்கள்! மழை வந்தால் ஓரமாக நிறுத்திக் கொக்கி கொக்கியாக மாட்ட வேண்டும். குடை விரிப்பதைவிடக் கூடாரம் அடிப்பதற்குத்தான் நெருக்கம்.

981 ஸ்பைடர் 2015, 3.8 லிட்டர், 375 குதிரைத்திறன், மேனுவல் மட்டும். என்னைக் கேட்டால் மொத்தக் குடும்பத்திலும் இதுதான் உச்சம். அதே உடலில் ஒரே ஒரு வண்டி பெர்க்ஸ்பைடர் என்று செய்து பார்த்தார்கள், முன் கண்ணாடி கிடையாது, பக்கத்தில் சீட்டும் கிடையாது, 1,099 கிலோ. விற்பனைக்கு வரவில்லை.

கடைசியாக 2023இல் ஸ்பைடர் ஆர்எஸ். 911 ஜிடி3யின் என்ஜினையே தூக்கி நடுவில் வைத்தார்கள், 500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்று, 1,410 கிலோ, நூறை எட்ட 3.4 விநாடி, 308 வரை வேகம். காற்று உறிஞ்சுகிற துவாரம் தலைக்குப் பின்னால் இருப்பதால் என்ஜின் மூச்சிழுப்பது நேரே காதில் விழும். கடைசிக் கடைசியாக அண்ணன் தன் புதுச் சட்டையையே கழற்றித் தம்பிக்குக் கொடுத்தான், தம்பி வீட்டை விட்டுப் போகிற நேரத்தில். ஏனென்றால் பிறகு கதை முடிந்தது: வாகன மென்பொருள் பாதுகாப்பு பற்றிய புது விதி 2024 ஜூலையில் வந்தபோது, ஆர்எஸ் போன்ற ஒன்றிரண்டைத் தவிர, ஐரோப்பிய ஒன்றியத்தில் 718 விற்பனையே நின்றது. 2025 அக்டோபரில் தயாரிப்பும் நின்றது. அடுத்தது மின்சாரத்தில் மட்டும் என்று 2022இல் சொன்னார்கள், 2025இல் மேல்மட்ட மாடல்களுக்குப் பெட்ரோலும் உண்டு என்று இறங்கி வந்தார்கள்.

ஒரே வண்டிதானா என்று கேட்டிருந்தீர்கள். நட்டு போல்ட்டு அளவில் ஒன்றும் பொது இல்லை. உட்காருகிற இடம், என்ஜின் இருக்கிற இடம், முன்னும் பின்னும் டிக்கி, இந்த மூன்றும் 1996இல் இருந்தது போலவேதான்.

நெக்கார்க்கரையான்:

நேற்று மறுபடி போய்ப் பெரியவரைப் பார்த்தேன். ஒரு ஃபைல் நிறைய பில் வைத்திருக்கிறார், 1998இலிருந்து ஒன்றுகூட விடவில்லை. கிளட்ச் மாற்றியது 2014, அதில் பேரிங் பற்றி ஒரு வரியும் இல்லை. பின் பிளாஸ்டிக் கண்ணாடி லேசாக மங்கல், வெடிப்பில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய வாதுமை மரம் இருக்கிறது அண்ணா, கார் அதற்குக் கீழே இல்லை, ஷெட்டில்தான் நிற்கிறது, முதலில் அதைத்தான் பார்த்தேன்.

ஒரு சுற்று ஓட்டவும் கொடுத்தார். நெக்கார் ஓரமாகப் போய்த் திரும்பினோம். 4,000 சுற்றைத் தாண்டும்போது அந்தச் சத்தம்... நாலேபோதும் மன்னிக்க வேண்டும். இன்னும் இரண்டு வருடத்தில் 30 வயது முடிந்து பழமை வண்டிகளுக்கான எச் நம்பர் பிளேட்டும் கிடைக்கும் என்று பெரியவர் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார், விற்க மனசில்லாதவர் மாதிரிதான் பேசுகிறார். முழங்கால் வலி, குனிந்து ஏறி இறங்க முடியவில்லையாம்.

சனிக்கிழமை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஒத்துக்கொண்டார்.

டோர்ட்முண்ட் கராச்:

நல்லது. பில்டர் மடிப்பை விரித்துப் பார்க்காமல் முற்பணம் ஒரு யூரோவும் குடுக்க வேண்டாம். துகள் ஏதும் இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போடுங்கோ, அலுமினியமா இரும்பா என்று பார்த்துச் சொல்லுறன்.